பின்னால் வந்த லாரி

மருந்துக்கடை வைத்திருப்பவளுக்குச் சந்தேகம் தொழிலோடு ஒட்டிக்கொண்டது. சீட்டை நீட்டுகிறவனின் முழியைப் பார்த்தே, அதை எழுதியது டாக்டரா அவனேயா என்று சொல்லிவிடுவாள். அதனால்தான் நீலத் தார்ப்பாய் போட்ட அந்தச் சின்ன லாரியைக் காலையில் மறுபடியும் பார்த்தபோது அதன் நம்பரை மனதில் குறித்துக்கொண்டாள்.

மலையடிவாரத்திலிருந்து கடற்கரை வரைக்கும் சைக்கிளிலேயே போவதென்று அவளும் நாத்தனாரும் கிளம்பி ஒரு வாரம் ஆகியிருந்தது. கணவனின் தங்கைதான் என்றாலும் இருவரும் கூடப் பிறந்தவர்கள் மாதிரி. கடையைப் பூட்டிவிட்டு இப்படிக் கிளம்புகிறேன் என்று சொன்னால் வீட்டில் பூகம்பமே வெடிக்கும் என்று நினைத்திருந்தாள். வெடிக்கவில்லை. "போயிட்டு வா" என்று கணவன் சாதாரணமாகச் சொல்லிவிட்டான். அப்போதே அவளுக்கு எங்கோ இடித்தது.

அன்று விடிந்ததிலிருந்து மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. பெரிய சாலையில் பாலம் வேலை நடந்ததால் எல்லோரையும் மண் சாலைக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். சாலையா அது, குழைத்து வைத்த களிமண். மட்கார்டுக்குள் சேறு அடைத்துக்கொண்டு சக்கரம் நின்றுவிடும். இறங்கிக் குச்சியால் நோண்ட வேண்டும், கொஞ்ச தூரம் போக வேண்டும், மறுபடி இறங்க வேண்டும். மழைக்கோட்டுக்குள் பாதி வேர்வை, பாதி மழை.

பின்னால் அந்த லாரி ஊர்ந்து வந்தது.

"ஏம்மா, இவன் ஏன் நம்மளத் தாண்டிப் போக மாட்டேங்கறான்?"

"சேறு அண்ணி. மெதுவாத்தான் வருவான்."

"நேத்து தார் ரோட்டுலயும் மெதுவாத்தான் வந்தான்."

நாத்தனார் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த போனைத் தட்டிக்கொண்டிருந்தாள். இவள் எட்டிப் பார்த்ததும், "நெட்வொர்க்கே இல்ல" என்று சட்டைக்குள் போட்டுக்கொண்டாள். நெட்வொர்க் இல்லாத போனில் அப்படி என்ன தட்டல்?

வளைவு தாண்டியதும் பாழடைந்த செங்கல் சூளை ஒன்று தெரிந்தது. "இறங்கு, கேள்வி கேக்காதே" என்று நாத்தனாரையும் இழுத்துக்கொண்டு, சைக்கிள்களோடு கொட்டகைக்குள் நுழைந்துவிட்டாள். காற்றடிக்கும் பம்பை உருவிக் கையில் பிடித்துக்கொண்டாள்.

லாரி வந்தது. நின்றது. டிரைவர் குதித்து இறங்கி, குனிந்து சேற்றில் சக்கரத் தடத்தைத் தேடினார். மழை எல்லாவற்றையும் கரைத்திருந்தது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போனை எடுத்தார்.

"சார், ரெண்டு பேரையும் காணோம் சார். இப்பத்தான் முன்னாடி போனாங்க... சரி சார், தேடறேன் சார்."

நாத்தனாரின் முகத்தில் பயத்தைத் தேடினாள் மருந்துக்கடைக்காரி. பயம் இல்லை. கள்ளச் சீட்டு நீட்டுகிறவனின் முழிதான் இருந்தது. அடுத்த நிமிடம் நாத்தனாரின் சட்டைக்குள் போன் அலறியது. மருந்துக்கடைக்காரி அதை வெடுக்கென்று உருவிப் பார்த்தாள். 'அண்ணன்' என்றிருந்தது.

"கோவிச்சுக்காதீங்க அண்ணி" என்று நாத்தனார் அழாத குறையாகச் சொன்னாள். "ரோடு சரியில்ல, ஏதாவது ஒண்ணுன்னா ஏத்திக்கிட்டு வர பின்னால ஒரு வண்டி இருக்கட்டும்னாரு. உங்ககிட்ட சொன்னா வேண்டாம்பீங்கன்னுதான்..."

அக்கறைதானா இவ்வளவும்? பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிட்டது. பம்பை வைத்துவிட்டு வெளியே வந்தாள். அவர்களைக் கண்டதும் டிரைவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் நிறுத்திய இடத்திலேயே லாரியின் பின்சக்கரம் இறங்கி உட்கார்ந்திருந்தது. மூவரும் செங்கல் துண்டுகளைப் பொறுக்கிப் போட்டார்கள். டிரைவர் வண்டியைக் கிளப்ப, பெண்கள் இருவரும் பின்னாலிருந்து தம் கட்டித் தள்ளினார்கள். தலையிலிருந்து கால் வரை சேறு. ஒருவழியாக வண்டி மேலேறியது.

டிரைவர் இறங்கி வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "உங்களப் போயி வேவு பாத்தேனே. மனசு கேக்கலம்மா."

"வேவா? அடிபட்டா ஏத்திக்கிட்டு வரத்தானே அனுப்பினாரு?"

"அப்படி ஒண்ணும் எங்கிட்ட சொல்லலயே. நீங்க யாரோட பேசறீங்க, தங்கற எடத்துக்கு யாராவது வந்து பாக்கறாங்களா, அதத்தான் சொல்லச் சொன்னாரு. வேற ஆள் யாராவது கூட சேந்துக்கிட்டா போட்டோ எடுக்கச் சொன்னாரு."

நாத்தனாரின் முகம் பேயறைந்தது போலானது. "எங்கிட்ட அப்படிச் சொல்லல அண்ணி. சத்தியமா."

மருந்துக்கடைக்காரி கையை மழையில் நீட்டிச் சேற்றைக் கழுவினாள். கடை அடைக்கும் நேரத்துக்குத் தவறாமல் வாசலில் வந்து நிற்கும் கணவனை நினைத்தாள். கொடுத்து வைத்தவள் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சொல்வார்கள். அவளும் அப்படித்தான் நம்பியிருந்தாள். வீட்டுக்குப் போகும் வழியில், "அந்த ஆள் யாரு, ரொம்ப நேரம் பேசிக்கிட்டிருந்தாரே?" என்று சிரித்துக்கொண்டே கேட்பான். அவளும் சிரித்துக்கொண்டே சொல்வாள். ஊரார் கண்ணில் எல்லாம் கள்ளத்தைக் கண்டுபிடித்தவள், பக்கத்தில் நடந்து வந்தவனைப் பார்க்காமலே விட்டிருக்கிறாள்.

போன் மறுபடி அடித்தது. அவளே எடுத்தாள்.

"நான்தான் பேசறேன். டிரைவர் எல்லாத்தையும் சொல்லிட்டாரு."

"அவன் ஏதாவது உளறியிருப்பான். நான் எதுக்குச் சொன்னேன்னா..."

"நீங்க எதுக்குச் சொன்னீங்கன்னு நேர்ல வந்து கேட்டுக்கறேன்."

வைத்துவிட்டாள். போனை நாத்தனாரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"நீங்க திரும்பிப் போங்க" என்றாள் டிரைவரிடம்.

"சார் கேட்டா என்னம்மா சொல்றது?"

"யாரும் வந்து பாக்கலன்னு சொல்லுங்க. அதுதானே நடந்தது."

லாரி போனபிறகு இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார்கள். பொழுது சாயும் நேரத்துக்கு ஒரு சின்ன ஊரும், மாடியில் அறை விடும் ஒரு வீடும் கிடைத்தன. கட்டிலில் உட்கார்ந்ததும் நாத்தனார் போனை எடுத்து நீட்டினாள்.

"இத நீங்களே வச்சுக்குங்க அண்ணி. இல்லாட்டி உங்களுக்கு என்மேல நம்பிக்கை வராது."

அவள் அதை வாங்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஈரத்துணிகளைப் பிழிந்து, ஒவ்வொன்றாக உதறி, ஜன்னல் கம்பியில் போடத் தொடங்கினாள்.