நடைபாதையின் கோடியில் ஒரு விண்மீன்

ஜெர்மனியில், எர்லாங்கன் ஆய்வுக்கூடத்தின் வாசலில் வண்டி வந்து நின்றுவிட்டது. நிருஷாவின் கருவி சோதனையில் தேறினால் அந்த வண்டியில் ஏறி மலையுச்சித் தொலைநோக்கிக்குப் போகும். தேறாவிட்டால் அந்த இடம் வேறொரு குழுவுக்கு.

விண்மீனின் ஒளி, வழியில் தூசி மேகங்களைக் கடக்கும்போது, ஒரு திசையில் மட்டும் சற்றே கூடுதலாக அதிரத் தொடங்கும். அந்தச் சின்னஞ்சிறு சாய்வை அளக்கத்தான் அவள் கருவியை வடிவமைத்திருந்தாள். சோதனைக்கு ஊசித்துளைக்குப் பின்னால் எரியும் ஒரு விளக்குதான் விண்மீன். விளக்கொளிக்குச் சாய்வு கிடையாது. திரையில் பூச்சியம் வரவேண்டும். வரவில்லை.

"மறுபடியும் அதே நம்பர். உன் கருவி பொய் சொல்லுது," என்றான் யோகேஷ். அதற்கு மென்பொருள் எழுதிய மதுரைக்காரன்.

"என்ர கருவி பொய் சொல்லாது. உங்கட புரோகிராமைப் பாருங்கோ, அண்ணை."

"பார்த்தாச்சு. அண்ணைன்னு சொல்லி என்னைக் கிழவனாக்காத. கழட்டிப் பார்ப்போமா?"

"கழட்டினா இண்டைக்குத் திரும்பப் பூட்ட ஏலாது."

நிருஷா நகத்தைக் கடித்தாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

"கருவியை அப்படியே கால்வட்டம் உருட்டுவம். பிழை கருவிக்குள்ள எண்டா எண் மாறாது. வெளிச்சத்தில எண்டா மைனஸாகும்."

இருவரும் தூங்கும் குழந்தையைப் புரட்டுவதுபோல் அதைத் திருப்பினார்கள். திரை மினுங்கியது.

"மைனஸ்!" யோகேஷ் கத்தினான். "அப்போ லைட்டுதான் சாயுதா? எப்படி?"

அவள் அறையின் மூலையைப் பார்த்தாள். போன வாரம்தான் இந்தச் சின்ன அறைக்கு மாறியிருந்தார்கள். நீளம் போதாததால், விளக்கொளியை மடக்கிவிட அங்கே ஒரு கண்ணாடியை அவளே சரித்துப் பொருத்தியிருந்தாள். சரிந்த கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும் ஒளி கொஞ்சம் சாயத்தான் செய்யும். கருவி அதைத்தான் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது!

"கதவைத் திறவுங்கோ! விளக்கை வெளியில கொண்டு போங்கோ!"

யோகேஷ் விளக்கோடு நடைபாதையின் கோடிக்கு ஓடினான். கையில் காபிக் கோப்பையுடன் வந்தவர்கள் சுவரோடு ஒட்டி நின்றார்கள். யாரோ நடைபாதை விளக்குகளை அணைத்தார்கள். இருட்டில் ஒரே ஒரு புள்ளி, கண்ணாடி எதிலும் படாமல் நேராக அவளிடம் வந்தது.

திரையில் எண் சுருங்கியது. இன்னும் சுருங்கியது. பூச்சியம்.

"பூச்சியம் வந்துருச்சா?" கோடியிலிருந்து யோகேஷின் குரல்.

"ஓம்! ஓம், ஓம், ஓம்!"

கீழே வண்டிக்காரர் ஹார்ன் அடித்தார். நிருஷா ஜன்னலைத் திறந்து, அந்த ஜெர்மன்காரரைப் பார்த்துத் தமிழிலேயே கூவினாள்:

"வாறம்! வாறம்!"

"அந்தக் கண்ணாடி?" மூச்சு வாங்க வந்த யோகேஷ் கேட்டான்.

"இஞ்சயே கிடக்கட்டும். நீங்கள் சீப்பெடுத்துத் தலை இழுக்க உதவும்."