சீர்சாமானோடு வந்தவன்

புருஷன் கஜேந்திரனை விட்டு வந்த நான்காம் மாதம், எல்ல டவுன் நடுரோட்டில் பட்டப்பகலில் அவன் என்னை அடித்தான். ஹோட்டல் ஒன்றில் வேலைக்கு நேர்முகம் முடித்து அப்போதுதான் வெளியே வந்திருந்தேன். தலைமயிரைப் பிடித்து இழுத்து மதிலில் மோதினான். முன்பல் ஒன்று உடைந்தது. சுற்றுலா வந்த வெள்ளைக்காரர்கள் ஓடி வந்து சத்தம் போட்டதால் உயிர் தப்பினேன்.

"நீ எங்க வேலைக்குப் போனாலும் வருவேன். அடுத்த தடவ கொன்னுட்டுத்தான் போவேன்" என்றான்.

சொன்னதைச் செய்கிறவன். மூன்று வருடக் குடித்தனத்தில் என் இடது கையை இரண்டு முறை முறித்திருக்கிறான்.

நான் அங்கே போவது அவனுக்கு எப்படித் தெரியும்? அண்ணன் கொழும்பில் வேலை செய்கிறான். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் நானும் அண்ணன் பெண்டாட்டி சுதர்ஷினி மதினியும்தான். அவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வாயில் ரத்தத்தோடு வீட்டுக்குள் போய், அடுப்படியில் நின்றவளின் தலைமயிரைப் பிடித்தேன்.

"ஏன் அவன்கிட்ட சொன்ன? நான் சாகணுமா ஒனக்கு?"

"மாரியாத்தா சத்தியமா நான் சொல்லல துஷா!"

நம்பவில்லை. சுவரில் மோதினேன். நெற்றி பிளந்தது. இன்னொரு முறையும் மோதினேன்.

அதன்பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பத்து நாள் கழித்து, ஆமையாய் ஊர்ந்துகொண்டிருந்த என் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு பதுளைக்குப் போனேன். கம்ப்யூட்டர் திருத்தும் கடையில் அதைத் திறந்து பார்த்த நபீலா அக்கா, உட்கார்ந்திருந்த கதிரையை என் பக்கம் திருப்பினார்.

"தங்கச்சி, நீங்க ஒண்ணுமே தொறக்காட்டியும் இதுக்குள்ள ஒரு புரோகிராம் ஓடிக்கிட்டே இருக்கு. நீங்க அடிக்கிற ஒவ்வொரு எழுத்தும் வேற ஆளுக்குப் போகுது. யாரோ கையால போட்டு வச்சிருக்காங்க. போட்டு ரெண்டு வருஷமாச்சு."

இரண்டு வருடத்துக்கு முன்னால் அது கஜேந்திரன் வீட்டில் இருந்தது. ஹோட்டலுக்கான விண்ணப்பத்தையும், நேர்முகத்துக்கு வருகிறேன் என்ற பதிலையும் அதில்தான் அடித்தேன். வாழாமல் திரும்பும் பெண்ணின் சீரை ஒரு கரண்டி விடாமல் எடுத்து வருவது எங்களுக்குள் ரோஷமான விஷயம். அண்ணன் லொறி பிடித்து வந்து கட்டில், அலுமாரி, குத்துவிளக்கு எல்லாவற்றையும் ஏற்றினான். அப்போது சீரில் போன கம்ப்யூட்டரைக் கஜேந்திரனே தூக்கி வந்து கொடுத்தான். அவன் அடங்கிவிட்டான் என்று நாங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தோம். எங்களைப் போல் முட்டாள்கள் உண்டா?

"அழிச்சிரவா?" என்று கேட்டார் நபீலா அக்கா.

"வேணாங்க. அது பாட்டுக்கு ஓடட்டும்."

வீட்டுக்கு வந்து மதினியின் காலில் விழுந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். "எந்திரி" என்றாள். அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அன்று மாலை கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, இல்லாத ஒரு சிநேகிதிக்குக் கடிதம் அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் திருவிழா, லயத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள், பத்தரை மணி பஸ்ஸில் ஒரேயடியாகக் கொழும்புக்குப் போகிறேன் என்று எழுதினேன். திருவிழா ஏதும் இல்லை. பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்கச் சொன்னேன்.

ஞாயிறு பத்து மணிக்கு வந்தான். கையில் கத்தி. கதவை உதைத்துத் திறந்தான். கதவுக்குப் பின்னால் விறகுக் கட்டையோடு நின்ற நான் மணிக்கட்டில் ஓங்கி அடித்தேன். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. கத்தி விழுந்தது. முட்டியில் அடித்தேன், சரிந்தான். என் கைக்கு ஒன்று, என் பல்லுக்கு ஒன்று என்று சொல்லிச் சொல்லி அடித்தேன். தாடை தொங்கியது. பக்கத்து வீட்டு ஆட்கள் ஓடி வந்து நிற்பது தெரிந்தும் அடித்தேன். எனக்கு இனித்தது. பொய் சொல்லவில்லை, இனித்தது.

"போதும் துஷா, செத்துருவான்!" என்று மதினி அலறினாள்.

நான்கு பேர் என்னை இழுத்துப் பிடித்தார்கள். பிறகு பொலிஸ் வந்து அவனையும் கத்தியையும் ஏற்றிக்கொண்டு போனது. இனி எங்கே வேலைக்குப் போனாலும் வழியைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். மூச்சு நிதானமானது.

கட்டை இன்னும் என் கையில்தான் இருந்தது. அதை வைப்பதற்காக அடுப்படிக்குப் போனேன். குந்தியிருந்த மதினி என்னைக் கண்டதும் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒண்டினாள். கஜேந்திரன் வீட்டுக்குள் வரும்போதெல்லாம் நான் அப்படித்தான் ஒண்டுவேன். வெட்கத்தில் எனக்கு உடம்பு கூசியது.

"மதினி, கட்டைய வைக்கத்தான் வந்தேன்" என்றேன்.

அவள் கையை எடுக்கவில்லை.