எண் எழுதாத கல்

மழை விட்டபாடில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஆட்களை ஏற்றிப்போன கடைசி வண்டியும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று தம்பி ஈரத் தலையோடு வந்து சொன்னான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கண் சுவரில் இருந்த வரைபடத்தை விட்டு அகலவில்லை.

ஆபீசில் அவளுக்கு டேப்பு என்று பேர். எங்கே போனாலும் இடுப்பில் அளவு நாடா தொங்கும். அவளுடைய மேலதிகாரிக்கும் ஒரு பேர் உண்டு, அவர் காதுபட யாரும் சொல்வதில்லை: சராசரி. கூட்டத்தோடு ஒட்டாத எந்தக் கணக்கையும் அவர் நம்பமாட்டார்.

இரண்டு பேரும் இரண்டு வருஷமாகத் தேடியது ஒரே ஒரு விடைதான். பள்ளத்தாக்கின் உச்சியில் பனிமலை உருகித் தேங்கிய ஏரி ஒன்று இருக்கிறது. மண்ணும் கல்லும் குவிந்த கரைதான் அதற்கு அணை. மனிதர்கள் இங்கே வருவதற்கு வெகுகாலம் முன்பு அந்தக் கரை ஒருமுறை உடைந்தது. அன்று வந்த வெள்ளம் எவ்வளவு பெரியது? பார்த்தவர் யாரும் இல்லை. கல்தான் சாட்சி. இவ்வளவு பெரிய கல்லை உருட்ட இவ்வளவு வேகம் வேண்டும், அவ்வளவு வேகத்தில் ஓட இவ்வளவு ஆழம் வேண்டும் என்று பின்னாலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டே போகலாம். ஆற்றோரம் இருந்த பெரிய கற்களையெல்லாம் அளந்தார்கள். அளந்த கல்லில் வெள்ளைப் பெயின்டில் எண் எழுதினார்கள். கடைசியில் வரைபடத்தில் ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. தண்ணீர் இதைத் தாண்டவில்லை, இனி வந்தாலும் தாண்டாது.

பள்ளிக்கூடம் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. ஏரி இப்போது விளிம்பு வரை நிற்கிறது. அதனால்தான் ஊரே இன்று பள்ளிக்கூடத்தில் இருந்தது. அவள் தங்கையும் அங்கேதான், பிறந்து மூன்று நாளான பிள்ளையோடு.

"அந்தக் குண்டுக்கல்லு இருக்குல்லக்கா, வளைவுல?" தம்பி துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னான். "அடியில மண்ணெல்லாம் அரிச்சிட்டுப் போயிருச்சு. பயந்துக்கிட்டே வண்டிய ஓட்டினேன். மேல சாஞ்சா நான் அப்பளம்தான்."

"அடியில என்ன இருக்கு?"

"என்ன இருக்கும், புதையலா? கல்லுதான்."

"டேய், விளையாடாத. உடைஞ்ச கல்லா, உருண்டைக் கல்லா?"

"உருண்டை. முட்டைய அடுக்கி வச்ச மாதிரி, எல்லாம் ஒரே பக்கம் சாஞ்சுக்கிட்டு."

அவள் வரைபடத்தை விட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

அந்தக் கல்லை அவர்கள் அளக்கவே இல்லை. மற்றக் கற்களோடு பார்த்தால் அது அளவில் எங்கேயோ நின்றது. அன்று சராசரி அண்ணாந்து, பக்கத்திலிருந்த கறுப்புப் பாறைச் சரிவைப் பார்த்தார். "மேலேருந்து விழுந்தது. இவ்வளவு பெரிசைத் தண்ணி தூக்காது" என்றார். உச்சி வெயில், எல்லோருக்கும் பசி. அவளும் சரி என்றுவிட்டாள். கல் முழுக்கக் கறுத்துப் பாசி பிடித்துக் கிடந்தது. யாரும் அதன் மேல் சுத்தியலை வைக்கவில்லை.

"வண்டிய எடு," என்றாள்.

"இப்பவா? ஆறு ரோட்டைத் தொட்டுட்டு ஓடுதுக்கா!"

"அதான் இப்ப."

வளைவில் இறங்கியபோது ஆற்றின் இரைச்சலில் தம்பி பேசியது கேட்கவில்லை. வாயசைவு மட்டும் தெரிந்தது, நல்ல வார்த்தையாக இருக்க வழியில்லை. அவள் கல்லடியில் மண்டியிட்டாள். அவன் சொன்னது சரிதான். உருண்டைக் கற்கள், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, ஓடும் தண்ணீர் அடுக்கினால் மட்டும் வரும் வரிசை. ஆனால் அது போதாது. பழைய ஆற்றுக் கல்லின் மேலும் மலையிலிருந்து பாறை விழலாம். அவள் சுத்தியலை ஓங்கி அடித்தாள். முதல் அடிக்குப் பாசிதான் தெறித்தது. இரண்டாவதில் ஒரு சில்லு கையோடு வந்தது.

வெள்ளை. நடுவில் மிளகைத் தூவியது போலப் புள்ளிகள்.

பக்கத்துச் சரிவு முழுக்கக் கறுப்பு. இந்த வெள்ளை, ஏரிக்கரையை விட்டால் வேறெங்கும் கிடையாது. பனிப்பாறை இழுத்து வந்திருக்கலாம் என்றால், பனி இவ்வளவு கீழே ஒருநாளும் இறங்கியதில்லை. கல்லைக் கொண்டுவந்து போட்டது தண்ணீர்தான்.

"நுனியப் பிடிடா!" என்று கத்தி நாடாவை எறிந்தாள். தம்பி பிடித்தான். நாலு மீட்டர், மண்ணுக்கு மேலே தெரிந்த வரை.

வண்டிக்குள் வந்து போன் போட்டாள்.

"சார், வளைவுக் கல்லு மேலேருந்து விழுந்ததில்ல. ஏரிக்கரைக் கல்லு. கையில வச்சிருக்கேன்."

 "ஒரே ஒரு கல்லை வச்சுக்கிட்டு என்னம்மா பண்ணச் சொல்ற? பள்ளிக்கூடத்துக்கு மேல போற ரோடு சரிஞ்சுக்கிட்டிருக்கு. நடக்க முடியாதவங்க எத்தனை பேரு! உன் தங்கச்சி அங்க இருக்கான்னு பதறுற."

"ஆமா சார். அவ அங்க இருக்கறதாலதான் உடைச்சுப் பாத்தேன். இல்லாட்டி நானும் கோட்டை நம்பிக்கிட்டு ஆபீஸ்லயே நின்னிருப்பேன்."

"குறுக்க எவ்வளவு?"

"நாலு. மண்ணுக்குள்ள இன்னும் இருக்கு."

அவர் கணக்குப் போடுவது அவளுக்குத் தெரிந்தது. அவளும் போட்டுவிட்டாள். புதுக் கோடு பள்ளிக்கூடத்தின் ஜன்னல்களுக்கு மேலே போனது.

"சார்?"

போன் செத்துவிட்டது.

"என்ன சொன்னாரு?" என்றான் தம்பி.

"ஒண்ணும் சொல்லல. நீ பள்ளிக்கூடத்துக்கு விடு."

வகுப்பறையில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுத் தங்கை படுத்திருந்தாள். எல்லோரும் மேலே ஏற வேண்டும் என்று அக்கா சொல்லி முடிப்பதற்குள் பக்கத்திலிருந்த அம்மா எழுந்துவிட்டாள்.

"உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? பச்ச உடம்புக்காரிடீ! இந்த மழையில மலை ஏத்தச் சொல்ற? நீதானே இங்க தண்ணி வராதுன்னு ஊரெல்லாம் சொன்னே?"

"சொன்னேன்மா."

"இப்ப வரும்ங்கற."

தங்கை பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தாள். "அம்மா, கொஞ்சம் சும்மா இரு. அக்கா, வருமா வராதா?"

"வருமான்னு தெரியாதுடி. வந்தா பள்ளிக்கூடத்துக்குக் கீழயே நிக்காதுன்னு தெரியும்."

தங்கை அவள் முகத்தையே பார்த்தாள். சின்ன வயதில் இந்த இரண்டு பேருக்கும் ஒரு நாள் சண்டை இல்லாமல் விடிந்ததில்லை. ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி கேட்டதாகச் சரித்திரமே கிடையாது. "இந்தா, பிடி," என்று பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

இவர்கள் எழுந்ததைப் பார்த்து நாலைந்து குடும்பங்கள் எழுந்தன. மற்றவர்கள் அசையவில்லை. "அந்தம்மா தங்கச்சிக்காகச் சொல்லுது" என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவள் வாய் திறப்பதற்குள் வாசலில் ஒரு கார் சேற்றைத் தெளித்துக்கொண்டு வந்து நின்றது. சராசரி இறங்கினார். குடை இல்லை, ஒரு காலில் செருப்பும் இல்லை. பள்ளிக்கூடத்து ஒலிபெருக்கியை வாங்கி வாயருகே வைத்தார்.

"கோடு மாறிடுச்சு. எல்லாரும் மேல. சாமான் வேண்டாம், ஆளு மட்டும்."

படுத்த படுக்கையானவர்களை வண்டியில் ஏற்றினார்கள். மற்றவர்கள் நடந்தார்கள். மேல் ரோட்டில் இரண்டு இடத்தில் மண் சரிந்து கிடந்தது. அங்கெல்லாம் இறங்கிச் சுமந்தார்கள். அம்மா வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தாள். அக்கா தன் சட்டைக்குள் பொதிந்திருந்த பிள்ளை அழுதது, பிறகு அழவில்லை. அழாதபோதுதான் அவளுக்கு உயிர் போனது. சட்டைக்குள் கையை விட்டு, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தாள். தண்ணீர் வராமல் போய், இந்தக் குளிரில் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

பொழுது சாய்கிற நேரம். முதலில் சேற்று வாடை வந்தது. பிறகு காலடியில் தரை அதிர்ந்தது. அம்மாவின் வாய் அப்போதுதான் நின்றது.

தண்ணீர் என்று அதைச் சொல்ல முடியாது. மரமும் மண்ணும் கல்லுமாக ஒரு பழுப்புச் சுவர் வளைவைச் சுற்றிக்கொண்டு வந்தது. மைதானம் போனது. பள்ளிக்கூடத்தின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. கடைசியில் கூரை மட்டும் தெரிந்தது.  சட்டைக்குள் பிள்ளை காலை உதைத்துக்கொண்டு வீல் என்று அழ ஆரம்பித்தது. அத்தனை பேரும் திரும்பி அதைப் பார்த்தார்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு அவளும் தம்பியும் சராசரியும் வளைவுக்கு இறங்கினார்கள். குண்டுக்கல் இருந்த இடத்தில் ஒரு பள்ளம்தான் இருந்தது.

"அங்க பாருக்கா!"

வெகுதூரம் கீழே, தலைகீழாகப் புரண்டு, பாசியில்லாத வெள்ளை அடிவயிற்றை வானத்துக்குக் காட்டிக்கொண்டு கிடந்தது.

"தண்ணி தூக்காதுன்னு யாரோ சொன்னாங்க சார்," என்றான் தம்பி.

"வாய மூடுடா," என்றாள் அவள்.

"சொல்லட்டும்," என்றார் சராசரி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் நடந்துபோய், கல்லின் மறுபக்கத்தில் நின்றுகொண்டு கையை நீட்டினார். "நுனியக் குடும்மா. இப்ப முழுசாத் தெரியுது."

அவள் இடுப்பிலிருந்த நாடாவை உருவினாள். அளந்து முடித்துப் பெயின்டைத் திறந்தபோது, இதற்கு என்ன எண் போடுவது என்று இரண்டு பேருக்கும் குழப்பம் வந்தது.

"ஒண்ணுன்னு போடு," என்றார் அவர். "மத்ததையெல்லாம் மறுபடி அளக்கணும்."