மெர்ல் நட்ட பலகை

மெர்ல் காலையில் காப்பிக் கோப்பையோடு கேட்டுக்கு வந்து பார்த்தபோது பலகை மறுபடியும் விழுந்து கிடந்தது. இந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை. "எல்லையை நகர்த்துவோம்! ஐடஹோவோடு சேருவோம்!" என்று அவர் தன் கையாலேயே எழுதிய பலகை.

"அவதான்," என்றார் மனைவி நோரீனிடம். "வேற யாரு வருவா?"

அவள் என்றால் எதிர்ப்பண்ணை டெஸ். எட்டு வருஷத்துக்கு முன்னால் போர்ட்லேண்டிலிருந்து வந்து ஆடு வளர்ப்பவள். போர்ட்லேண்ட் என்றாலே அந்த மாவட்டத்தில் பல்லைக் கடிப்பார்கள். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற நகரத்துக்காரர்கள்தான் ஆரிகன் மாநிலத்துக்கே சட்டம் போடுகிறார்கள். டீசலுக்கும் துப்பாக்கிக்கும் கன்றைத் தின்கிற ஓநாய்க்கும் அவர்கள் வைத்ததுதான் சட்டம். கிழக்கே மாடு மேய்க்கிறவனை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அந்த ஆத்திரத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. மாநிலத்தை விட்டே பிரிந்து பக்கத்து மாநிலமான ஐடஹோவோடு சேர்ந்துவிடலாமா என்று அடுத்த மாதம் ஓட்டெடுப்பு.

இந்த மாவட்டத்தில் எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கை விடாமல் இரண்டு விரலைத் தூக்குவார்கள். அதுதான் வணக்கம். மெர்ல் டெஸ்ஸுக்கு விரல் தூக்குவதை நிறுத்திவிட்டார். அவள் தூக்கினால் பின்னால் பார்க்கும் கண்ணாடியைப் பார்ப்பார், பலகை நிற்கிறதா என்று. அவள் நாய் கேட்டுப் பக்கம் வந்தாலும் சந்தேகம், அவள் வண்டி வளைவில் வேகம் குறைத்தாலும் சந்தேகம். ஒரு நாள் அவள் முட்டை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனபோது, "முட்டை கொடுக்க வந்தாளா, வேவு பாக்க வந்தாளா?" என்றார்.

"முட்டையத் தின்னுட்டு அப்புறம் பேசு," என்றாள் நோரீன்.

பலகை மூன்றாவது தடவை விழுந்த அன்று மத்தியானம் தலையீத்துக் கிடாரி ஒன்று ஈன முடியாமல் படுத்துவிட்டது. கன்றின் முன்னங்கால் ஒன்று உள்ளே மடங்கிக்கொண்டிருந்தது. மெர்லின் தடித்த கை உள்ளே போகவில்லை. மாட்டு டாக்டர் வேறு பண்ணையில், வெகு தூரத்தில். டெஸ்ஸின் கை மெல்லியது. போன வருஷங்களில் இதே கொட்டிலில் இப்படி மடங்கிய கால்களை அவள்தான் நிமிர்த்திக் கொடுத்தாள்.

"டெஸ்ஸக் கூப்பிடு மெர்ல்," என்றாள் நோரீன்.

"அவ கை என் மாட்டு மேல படக் கூடாது."

கிடாரி முனகியது. மெர்ல் வியர்க்க விறுவிறுக்க மறுபடி மறுபடி முயன்றார். கடைசியில் நோரீன் அவரைக் கேட்காமலே போன் போட்டாள். டெஸ் ஓடிவந்தாள், மேல்கோட்டைக் கழற்றி எறிந்தாள், வைக்கோலில் படுத்துக் கையை உள்ளே விட்டாள். கால் நிமிர்ந்தது, கன்றும் வந்தது. நாக்கு வீங்கி நீலமாகத் தொங்கியது. மூச்சு இல்லை. தாயாவது பிழைத்ததே என்று நோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் முன்னாடி கூப்பிட்டிருக்கலாமே," என்றாள் டெஸ்.

"என் பலகையத் தள்ளிவிடுறவள எப்படிக் கூப்பிடறது?"

டெஸ் கையைத் துடைப்பதை நிறுத்தினாள். "நானா? நான் எதிராத்தான் ஓட்டுப் போடப்போறேன். உங்க சமையக்கட்டுல உக்காந்து உங்க மூஞ்சிக்கு நேராவே சொன்னேனே! அப்புறம் எதுக்கு ஒளிஞ்சு வந்து பலகையத் தள்ளணும்?"

அவள் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். மெர்ல் அவள் பின்னாலேயே கேட்டு வரை வந்தார். மாடுகள் இஷ்டத்துக்குத் திரியும் வேலியில்லாத சாலை அது. மெர்ல் காலையில் நிமிர்த்தி நட்ட பலகைக் கம்பத்தில் அவருடைய கிழட்டுப் பசு ஒன்று கண்ணை மூடிக் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. மரமே இல்லாத அந்தச் சமவெளியில் சொறிந்துகொள்ள அதற்கு வேறு என்ன இருக்கிறது? கம்பம் ஆடியது, சாய்ந்தது, விழுந்தது. பசு நிம்மதியாக நடையைக் கட்டியது. டெஸ் சிரிக்கவில்லை. வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.

சனிக்கிழமை பிரிவினைக் கூட்டத்துக்குப் போகிற வழியில் அவள் வண்டி எதிரே வந்தது. மெர்ல் முந்திக்கொண்டு இரண்டு விரலைத் தூக்கினார். அவள் தூக்கவில்லை. அது அவருக்கு உறைத்தது.

கூட்டத்தில் டுவெய்ன் என்ற பண்ணைக்காரர் குரல் கொடுத்தார். "என்ன மெர்ல், அந்த போர்ட்லேண்ட்காரி மறுபடியும் பலகையத் தள்ளிட்டாளாமே?"

மெர்ல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தார்.

"தள்ளினது என் மாடு. பழிய நான் அவ மேல போட்டேன். அவளக் கூப்பிடக் கூடாதுன்னு வீம்பு புடிச்சு ஒரு கன்னுக்குட்டியையும் சாகவிட்டேன்."

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள்.

"நான் இப்பவும் பிரியணும்னுதான் ஓட்டுப் போடுவேன், டுவெய்ன். மாநில எல்லை எங்க வேணா போகட்டும். ஆனா யாரு எதுக்கு ஓட்டுன்னு பாத்து அக்கம்பக்கத்துக்காரங்களயே சந்தேகப்பட ஆரம்பிச்சோம்னு வைங்க, எந்த மாநிலத்துல போய்ச் சேந்தாலும் நம்ம கொட்டிலுக்கு ஓடிவர ஒரு ஆளும் இருக்க மாட்டாங்க."