அலமாரிக்குப் பின்னால்

அந்த அலமாரியை மட்டும் கழற்றாமல் விட்டிருந்தால் அவன் தப்பித்திருப்பான்.

பன்னிரண்டு திருகுகள். பதினொன்று பேசாமல் வந்துவிட்டன. கடைசி ஒன்று உப்புக்காற்றில் துருவேறி அடம்பிடித்தது. அதன் தலையில் இரண்டு தட்டு தட்டி, எண்ணெய் விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினான். வந்தது. அலமாரி சுவரை விட்டு ஒரு சாண் விலகியது. இடுக்கில் டார்ச் அடித்தான்.

ஒரு துளை. கைமுஷ்டி நுழையும். நடுவில் இரண்டு ஒயர்கள் மட்டும் போயின. மிச்சமெல்லாம் வெறும் வாய். அந்த வாயைச் சுற்றி வெள்ளைச் சுவரில் விசிறிபோல் விரிந்திருந்தது கரி.

விரலால் தொட்டான். பிசுபிசுத்தது. முகர்ந்தான். இன்ஜின் புகை.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

படகுப் பட்டறையில் அவனைப் 'பசை' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் படகில் எந்த ஓட்டையைக் கண்டாலும் சட்டைப்பையிலிருந்து சீலன்ட் ட்யூபை எடுத்து அடைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான். "அவன்கிட்ட கொட்டாவி விடாதீங்கப்பா, அதையும் அடைச்சிடுவான்" என்பார் கிரேன் ஓட்டுகிறவர். அப்பேர்ப்பட்டவன், தன் கையால் போட்ட துளையை, சொந்த மாமாவின் படகில், அடைக்காமல் விட்டிருக்கிறான்.

அந்த மாமா, அவன் அக்காவின் கணவர், இதே அறையில், இந்தத் துளைக்கு இரண்டடி தள்ளியிருக்கும் படுக்கையில்தான் பதினான்கு மாதங்களுக்கு முன் செத்துக் கிடந்தார்.

மணி பன்னிரண்டரை. மூன்று மணிக்கு சர்வேயர் வருகிறார். படகை வாங்க ஆள் தயார். பழைய படகு என்பதால் முழுக்கப் பரிசோதித்துச் சான்று வேண்டும் என்றார்கள். கூடவே அக்காவும் வருகிறாள்.

இருபத்தெட்டடிப் படகு. பைபர் உடம்பு, பின்னால் பெட்ரோல் இன்ஜின், முன்னால் படுத்துக்கொள்ள ஓர் அறை. மாமா வாங்கும்போதே அதற்கு முப்பது வயது. எதைத் தொட்டாலும் எதுவோ கையோடு வரும். "இது படகில்லடா மச்சான், என் ரெண்டாவது சம்சாரம்" என்று அக்கா காதில் விழும்படி சொல்வார் மாமா.

"முதல் சம்சாரமாச்சும் சோறு போடுறா. அவ உங்க ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் தின்னு ஏப்பம் விடுறா" என்பாள் அக்கா.

சிரித்துக்கொண்டே ஆரம்பித்தது. போகப்போகச் சிரிப்பு மட்டும் காணாமல் போயிற்று.

மாமாவுக்குக் கடைசியாக வந்த ஆசை ஒரு சின்ன பிரிட்ஜ். அதற்காகப் பசைதான் இரண்டு புது பேட்டரிகளை அறைக்குள் வைத்தான். இன்ஜின் ஓடும்போது அவை சார்ஜ் ஏற வேண்டும். இன்ஜின் அறைக்கும் படுக்கை அறைக்கும் நடுவிலிருந்த தடுப்பில் துளை போட்டு ஒயர் இழுத்தான். பின்னால் தண்ணீர்க் குழாயும் போகட்டுமே என்று துளையைப் பெரிதாகவே போட்டான். அடைக்கப் பார்த்தால் ட்யூப் காலி. நாளைக்கு அடைத்துக்கொள்ளலாம் என்று விட்டான். மறுநாள் காலையில் தச்சர் அலமாரியைக் கொண்டு வந்து இறக்கியிருந்தார். மாட்டினான். மறந்தான்.

இன்று காலை, பரிசோதனைக்காக ரப்பர்க் குழாய்களையெல்லாம் மாற்றியபோதுதான் அதைப் பார்த்தான். இன்ஜின் புகையையும் சூடான தண்ணீரையும் வெளியே தள்ளுகிற பருமனான குழாயின் அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்குப் பிளவு. மேலிருந்து பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும். பிரிட்ஜ் மாட்டிய அன்றைக்கு மேலிருந்துதான் பார்த்திருந்தான். அந்தப் பிளவிலிருந்து புகை இன்ஜின் அறைக்குள் வரும். சரி, வந்தால் அங்கேயேதானே கிடக்கும், தடுப்புச் சுவர் இருக்கிறதே என்று நினைத்தான். அந்தச் சுவரில் ஒரு துளை போட்டோமே என்பது அடுத்த நொடியில்தான் உறைத்தது.

பிறகுதான் திருப்புளியை எடுத்தான்.

அந்தச் சாவை விசாரித்த இன்ஸ்பெக்டர் ஐந்து விஷயங்களை எழுதியிருந்தார். அறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. இன்ஜின் சாவி ஓடும் நிலையில் இருந்தது. பெட்ரோல் தீர்ந்து தானாக நின்றிருக்கிறது. புருஷன் பெண்டாட்டிக்குள் அன்று சண்டை. ஐந்தாவதுதான் முக்கியம்: விஷப்புகை வந்தால் அலறுகிற அலாரம் சுவரில் இல்லை. அது, பேட்டரி கழற்றப்பட்டு, மேஜை டிராயரில் கிடந்தது.

"அலறக் கூடாதுன்னு கழட்டி வச்சிட்டுப் படுத்திருக்காரு. தெரிஞ்சே செஞ்ச காரியம்மா" என்று அக்காவிடம் சொன்னார் இன்ஸ்பெக்டர். அதற்கு முன் பசையிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார். "இதைக் கழட்டினது யாருப்பா?"

"தெரியல சார். மாமாவா இருக்கும்."

பொய். கழற்றியது அவன்தான்.

பிரிட்ஜ் மாட்டிய நாளிலிருந்து, இன்ஜினை ஓடவிட்டால் அரை மணி நேரத்தில் அந்த அலாரம் கத்த ஆரம்பித்தது. பேட்டரி சார்ஜ் ஏறும்போது விடுகிற வாயுவுக்கும் இந்த அலாரங்கள் கத்தித் தொலைக்கும் என்று அவன் பல படகுகளில் பார்த்திருந்தான். இங்கேயோ பேட்டரிகள் அறைக்குள்ளேயே இருக்கின்றன. வேறென்ன வேண்டும்?

"அது பொய் சொல்லுது மாமா. பேட்டரி வாயுதான். வேற மாடல் வாங்கி மாட்டுறேன், அதுவரைக்கும் இது வேணாம்."

"நீ சொன்னா சரி மச்சான். சனியன், காது கிழியுது."

"தினம் ஒரு மணி நேரம் இன்ஜினை ஓட விடுங்க. இல்லன்னா புது பேட்டரி படுத்துடும்."

"ஓட விட்டுட்டாப் போச்சு."

நான்கு நாள் கழித்து மாமா இறந்தார்.

இத்தனை நாளும் பசை தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லி வந்தான். அவர் சாக வேண்டுமென்று போனவர். அலாரம் கத்தியிருந்தாலும் நிறுத்திவிட்டுச் செத்திருப்பார். நான் கழற்றியதால் எதுவும் மாறிவிடவில்லை. இந்தச் சமாதானத்தோடுதான் சாப்பிட்டான், தூங்கினான், அக்கா வீட்டுக்குப் போய் வந்தான்.

கரி இப்போது அந்தச் சமாதானத்தைத் துடைத்துவிட்டது. அலாரம் பொய் சொல்லவே இல்லை. அன்று ராத்திரி பெய்த மழைக்காக மாமா கதவைத் தாழிட்டிருக்கிறார். பேட்டரிக்காக இன்ஜினை ஓடவிட்டிருக்கிறார். படுத்தவர் கண்ணயர்ந்திருக்கிறார். படகில் எப்போதும் பெட்ரோல் வாடைதான். புது வாடையை யார் கவனிப்பார்கள்?

இன்னொன்றும் அவனுக்குத் தெரியும். உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்தது. அன்று சாயங்காலம் அவன் அக்கா வீட்டுச் சமையலறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கூடத்தில் சண்டை. மாமா செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது அக்கா பின்னாலிருந்து கத்தினாள்:

"போங்க! அந்தப் படகுலயே கிடந்து சாவுங்க!"

அதற்கப்புறம் அக்கா குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. காய்காரரிடம்கூட மெதுவாகத்தான் பேசினாள். கை நடுங்க ஆரம்பித்தது. தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். கண்ணாடி பார்ப்பதை விட்டாள்.

மணி ஒன்று.

எழுந்தான். சட்டைப்பையில் ட்யூப் இருந்தது. துணியில் தின்னர் நனைத்துக் கரியைத் துடைத்தான். மூன்று துணி கறுத்தது. துளையில் பஞ்சு திணித்து, சீலன்டைப் பிதுக்கி, கட்டைவிரலால் வழித்து மட்டம் செய்தான். தங்கமான வேலை. யார் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. அலமாரியைத் திரும்பத் தள்ளிப் பன்னிரண்டு திருகுகளையும் முடுக்கினான். பிளந்த குழாயைச் சாக்கில் சுற்றிக் குப்பைத் தொட்டியின் அடியில் போட்டான்.

"என்னடா பசை, வேர்த்துக் கொட்டுது? பெண் பாக்க வர்றாங்களா?" என்றார் கிரேன்காரர் கீழேயிருந்து.

"சர்வேயர் வர்றாங்க."

"அவங்களுக்காகவாச்சும் கொஞ்சம் பவுடர் போட்டுக்கோடா!"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்று அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே சர்வேயர் வந்துவிட்டார். ஐம்பது வயதுப் பெண்மணி. முழங்கால்வரை பூட்ஸ், கையில் பொம்மை மாதிரி ஒரு சின்ன சுத்தியல். தாங்கு கட்டைகளின் மேல் நின்றிருந்த படகைச் சுற்றி நடந்து, அடிப்பாகத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டினார். தலையைச் சாய்த்து சத்தத்தைக் கேட்டார். அக்கா தள்ளி நின்றாள். படகில் ஏறுகிற ஏணியில் அவள் பதினான்கு மாதமாகக் கால் வைத்ததில்லை.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. வயசுக்கு மேல உழைச்சிருக்கு" என்றார் சர்வேயர். "உள்ள வாங்கம்மா. ஓனர் கூட இருக்கணும்."

அக்கா தம்பியைப் பார்த்தாள். பிறகு ஏறினாள்.

சர்வேயர் இன்ஜின் அறையில் அரை மணி நேரம் இருந்தார். "குழாயெல்லாம் புதுசா போட்டிருக்கீங்க. க்ளாம்ப் ரெண்டு ரெண்டா... நீங்க படிச்ச மெக்கானிக்கா?"

"அனுபவம்தான்."

"நல்ல கை."

படுக்கை அறைக்கு வந்தார்கள். மூன்று பேருக்கு அது நெருக்கம். அக்கா படுக்கையின் பக்கம் திரும்பவே இல்லை. சர்வேயர் அலமாரியைத் திறந்து மூடினார், ஆட்டிப் பார்த்தார், தலையசைத்தார். தாளில் ஏதோ எழுதினார். அவ்வளவுதான், முடிந்தது. பசை மூச்சை விட்டான்.

"இது என்ன?"

கதவுக்கு மேலே சுவரில் ஒரு வெறும் பிளாஸ்டிக் தட்டு. அதில் இரண்டு கொக்கிகள்.

"இங்க புகை அலாரம் இருந்திருக்கணுமே. எங்க?"

பசை அந்தத் தட்டையே பார்த்தான்.

"பெரிய விஷயமில்ல. புதுசா ஒண்ணு மாட்டினா சான்று குடுத்துடலாம். ஆனா ஏன் கழட்டினாங்கன்னு நான் எழுதியாகணும். கெட்டுப் போச்சா?"

"இல்லம்மா" என்றாள் அக்கா. மெல்லிய குரல். "என் வீட்டுக்காரர் கழட்டினாரு. இங்கதான்... அவரா கழட்டி வச்சிட்டுத்தான்..."

"ஐயோ, மன்னிச்சிடுங்கம்மா. எனக்குத் தெரியாது. அதெல்லாம் எழுத வேணாம்."

"எழுதுங்க. என்னைக்காவது யார்கிட்டயாவது சொல்லித்தான் ஆகணும்." அக்காவின் கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நடுங்கின. "அவரா ஒண்ணும் செய்யல. அன்னைக்கு வாசல்ல வச்சு நான்தான் அவரை..."

"அக்கா, வேணாம்."

"சொல்ல விடுடா. நான்தான் அவரைப் போய்..."

"நான் கழட்டினேன்."

அக்கா நிறுத்தினாள்.

"மாமா இல்ல. அலாரத்தைக் கழட்டினது நான். பேட்டரியை எடுத்து டிராயர்ல போட்டது நான்."

"என்ன உளறுற?"

"தினம் இன்ஜினை ஓட்டச் சொன்னதும் நான்தான். அதான் சாவி அப்படி இருந்துச்சு. அன்னைக்கு மழை பெஞ்சுச்சுக்கா. அதான் தாழ்ப்பாள் போட்டிருக்காரு." வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. "இந்த அலமாரிக்குப் பின்னால ஒரு துளை போட்டேன். அடைக்க மறந்துட்டேன். அது வழியாத்தான் புகை வந்திருக்கு. இன்னைக்குத்தான் பார்த்தேன். அவர் சாகணும்னு படுக்கலக்கா. தூங்கினாரு. அவ்வளவுதான்."

வெளியே கிரேன் கிறீச்சிட்டு ஓய்ந்தது.

அக்கா அப்போதுதான் படுக்கையைத் திரும்பிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"எப்பக் கழட்டின?"

"அதுக்கு நாலு நாள் முன்னாடி."

"போலீஸ் கேட்டப்ப?"

"தெரியாதுன்னு சொன்னேன். மாமாவா இருக்கும்னேன்."

"நான் பக்கத்துலதான் நின்னேன், இல்ல?"

"ஆமா."

"நான் அன்னைக்குச் சொன்னது உனக்குக் கேட்டுச்சா? சமையக்கட்டுல இருந்தியே."

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அறைந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தான். அவள் அதே மெல்லிய குரலில் கேட்டாள்:

"அப்போ அலாரத்தைக் கழட்டினது நீன்னும் தெரியும், நான் என்ன நினைச்சுச் செத்துக்கிட்டிருக்கேன்னும் தெரியும். தெரிஞ்சும் வாராவாரம் வந்து என் கையால சாப்பிட்டிருக்க."

அக்கா அலமாரியின் பக்கம் திரும்பினாள்.

"துளை எங்க?"

"அடைச்சிட்டேன்க்கா. மத்தியானம்."

"கரி இருந்துச்சா?" என்று கேட்டார் சர்வேயர். பேனா காகிதத்தின் மேல் அசையாமல் நின்றது.

"இருந்துச்சு. துடைச்சிட்டேன். துணி கீழ கிடக்கு. பழைய குழாய் குப்பைத் தொட்டியில இருக்கு, அடியில."

"கழட்டு" என்றாள் அக்கா.

"அக்கா..."

"நான் பாக்கணும். கழட்டு."

அவன் திருப்புளியை எடுத்தான். அறை இருட்டாக இருந்தது. முதல் திருகின் தலையில் திருப்புளி நிற்காமல் வழுக்கியது. அக்கா மேஜையிலிருந்த டார்ச்சை எடுத்து அடித்தாள். வெளிச்சம் திருகின் மேல் ஆணியடித்த மாதிரி நின்றது. துளிக்கூட ஆடவில்லை.

"அம்மா, நீங்க எழுதுறதுல எனக்கு இன்னொரு காப்பி வேணும்" என்றாள் சர்வேயரிடம், வெளிச்சத்தை எடுக்காமலே. "போலீஸ்ல குடுக்கணும். அவங்க எழுதினதைத் திருத்தணும்."

"தர்றேன்மா."

"இவன் சொன்னது ஒண்ணு விடாம இருக்கட்டும்."

"இருக்கும்."

இவன். அக்கா வாயில் அவன் எப்போதும் தம்பிதான். அயலாரிடம் பேசினாலும் 'எங்க தம்பி'.

எட்டு, ஒன்பது, பத்து. திருகுகளை ஒவ்வொன்றாகத் தரையில் வரிசையாக வைத்தான். பன்னிரண்டாவது, மத்தியானம் அத்தனை அடம்பிடித்தது, இப்போது எண்ணெயில் ஊறி விரலாலேயே சுழன்று வந்துவிட்டது.

அலமாரி விலகியது. சீலன்ட் மேலே தோல் கட்டியிருந்தது. உள்ளே இன்னும் ஈரம். அவன் நகத்தை உள்ளே விட்டுப் பிய்க்க ஆரம்பித்தான்.