நெஞ்சுப் படத்தில் ஒரு குருவி

அட்டையில் ஓட்டை போட்டு, அந்த ஓட்டை வழியாக வண்ணம் பூசிய எந்த நாகரிகமும் உருப்பட்டதாகச் சரித்திரம் கிடையாது என்று அண்ணன் அறிவித்தான். அப்போது அவன் பல் தேய்த்துக்கொண்டிருந்ததால் ‘நாகரிகம்’ கொஞ்சம் நுரையோடு வந்தது. ஆனால் அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. அவன் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவன்.

தங்கை நிமிரவில்லை. கூடத்துத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் நாற்பது துண்டு கனத்த துணி, ஒரு பிளேடு, செல்லோ டேப், பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சிலிருந்து வெட்டிய சதுரங்கள். தையல்கடைக்கார அம்மா கொடுத்த முதல் ஆர்டர். நாற்பது துணிப்பை, நாற்பதிலும் ஒரே குருவி, சாயங்காலம் நாலு மணிக்குள். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தால் மாதாமாதம் வேலை. இல்லாவிட்டால் இதுவே கடைசி என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள்.

நேற்று ஃபைல் அட்டையில் வெட்டிய அச்சு, மாதிரியை முடிப்பதற்குள் ஊறி நொந்து நூலாகிவிட்டது. ஈரம் ஏறாத, காசும் கேட்காத ஏதாவது அகப்படுமா என்று அலமாரியைக் குடைந்ததில் ஒரு பழைய எக்ஸ்ரே கிடைத்திருந்தது.

அண்ணன் அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். விலா எலும்புகள். ஓரத்தில் அவன் பெயர். பல் பிரஷ் கீழே விழுந்தது.

“அடிப்பாவி! இது என் நெஞ்சு!”

“ஆமா. போன வருஷம் லொக்கு லொக்குன்னு இருமினியே, அப்ப எடுத்தது.”

“இதுல போயா குருவி வெட்டப் போற?”

“உள்ள ஒண்ணும் இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டாருண்ணா.”

அவன் எக்ஸ்ரேயை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவள் வரைந்து வைத்திருந்த தாளைப் பார்த்தான். “இது என்ன, குருவி கண்ணுல கயிறு கட்டியிருக்க? ஓடிப்போயிடுமா?”

“அது பாலம். அது இல்லாம வெட்டினா கண்ணு கழண்டு கையோட வந்துடும்.”

“இந்த ஊருல பாதிக் கடைக்குப் பேரு எழுதினவன் வீட்டுல இப்படி ஒரு கூத்தா! தள்ளு. நாப்பதையும் கையாலயே போட்டுத் தர்றேன்.”

“ஒரே மாதிரி வருமா?”

“ஏம்மா, ஒரே கைதானே?”

முதல் குருவி பிரமாதம். துணியை விட்டுப் பறந்துவிடும் போலிருந்தது. தங்கைகூட வாயைப் பிளந்தாள். அதற்குப் பிறகு அவன் தலை நிமிரவே இல்லை. முடித்த ஒவ்வொரு துணியையும் பின்னால் இருந்த கொடியில் மாட்டிக்கொண்டே போனான். பதினொன்று முடிந்ததும் தண்ணீர் குடிக்க எழுந்து திரும்பினான்.

சொம்பு வாய்க்குப் போகவில்லை.

அவன் எழுதிய பலகைகள் தெருவுக்கு ஒன்றாகத் தொங்குபவை. தன் கை ஒரே காரியத்தை இரண்டு தரம் செய்து, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அவன் பார்த்ததே இல்லை. முதலாவது குருவி. மூன்றாவதற்குக் கழுத்தைக் காணோம். ஐந்தாவது கோழி, அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. எட்டாவது நிறைமாதம். பதினொன்றாவது யாரையோ முறைத்துக்கொண்டிருந்தது. அவன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இது யார் கை?

உள்ளேயிருந்து வந்த அப்பா கொடியருகே நின்றார். “எத்தனை பேரு சேர்ந்துடா வரைஞ்சீங்க?”

அவர் பதினொன்றாவதைக் குனிந்து பார்த்தார். “இவரை எங்கேயோ பார்த்திருக்கேனே.”

அண்ணனும் பார்த்தான். அப்பாவேதான். மூக்குக்கண்ணாடி மட்டும் பாக்கி.

சிரிக்க வேண்டிய இடம். தங்கை சிரிக்கவில்லை. “மணி பதினொண்ணரைண்ணா” என்றாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் பதிலுக்கு ரெண்டு வார்த்தை விட்டிருப்பான்.

“இன்னும் தைக்கலையே” என்றான் மெதுவாக. “கனத்த துணி, வண்ணம் மறுபக்கம் தெரியாது. திருப்பிப் போட்டுத் தைச்சுட்டா கோழியெல்லாம் உள்ள போயிடும்.”

“சரி. வெளியில என்ன வரும்?”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு தையல் மெஷினுக்கு நூல் கோக்கப் போனாள்.

திரும்பி வந்தபோது ஜன்னல் கண்ணாடியில் அவள் வரைந்த தாள் ஒட்டியிருந்தது, அதன் மேல் எக்ஸ்ரே. விலா எலும்புகளுக்கு நடுவே தெரிந்த குருவியை மார்க்கர் பேனாவால் கோடு தப்பாமல் எடுத்துக்கொண்டிருந்தான். அப்புறம் தரையில் உட்கார்ந்து பிளேடால் வெட்டினான். கண்ணுக்கு வந்ததும் நிறுத்தி, பாலத்தை விட்டுவிட்டு மிச்சத்தை வெட்டினான். பயத்தில் இன்னொரு பாலமும் விட்டான்.

“ஸ்பாஞ்சைத் தேய்க்காதேண்ணா, ஒத்தி எடு.”

“தெரியும்.”

தெரியாது. ஒத்தினான். ஓரத்தைப் பிடித்து மெல்லத் தூக்கினான். இன்னொரு துணியை இழுத்துப் போட்டு மறுபடி ஒத்தினான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். எது முந்தியது என்று அவனுக்கே தெரியவில்லை.

அப்புறம் தங்கை முகத்தைப் பார்க்காமல், அடுத்த துணிக்குக் கையை நீட்டினான்.