ஏழாம் எண் கேள்வி

"துணைக் கேள்வி ரெண்டு வேணுங்க அங்கிள்."

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று கஸ்தூரிரங்கன் அங்கிள் மூன்று வாரத்துக்கு முன்பே சொல்லியிருந்தார். அவர் மனைவி ஷ்யாமளா ஆன்ட்டி என்னைத் தனியாக அழைத்து இன்னொரு தடவை சொன்னார். இரண்டு தடவையும் தலையை ஆட்டினேன். ஆனால் அந்தச் சனிக்கிழமை காலை, டெக்சஸில் ரவுண்ட் ராக் ஊரில் அவர்கள் வீட்டுச் சமையலறையில், தமிழ்ச் சங்கத்தின் செயற்குழு ஆறு பேரும் காகிதத் தட்டில் கேசரியோடு நின்றுகொண்டிருந்தபோது என் வாய் தானாகத் திறந்துவிட்டது. அங்கிளின் ஸ்பூன் பாதி வழியில் நின்றது.

"சண்முகப்ரியா, இது பார்லிமென்ட் இல்லம்மா. லஞ்ச் ப்ரோக்ராம்."

"நோட்டீஸ்ல கேள்வி நேரம்னு போட்டிருக்கீங்களே."

"பேர்தானே! பொங்கல் விழாவைப் பிப்ரவரியில வச்சோம். யாராவது கேட்டாளா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. கோபமாக இருக்கும்போது சிரிப்பு வந்தால் கோபம் இரண்டு மடங்காகும். எனக்கு அப்படித்தான்.

விஷயம் இதுதான். ஊரிலிருந்து மத்திய இணை அமைச்சர் ஒருவர் ஹூஸ்டனில் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வந்திருந்தார். எந்தத் துறை என்று எழுத மாட்டேன், வீண் வம்பு. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் சங்கத்துக்கும் வர ஒத்துக்கொண்டார். வெறும் பொன்னாடை, வெறும் பேச்சு வேண்டாம், நாடாளுமன்றத்தில் நடப்பதுபோலக் கேள்வி நேரம் வைக்கலாம் என்று சொன்னது நான்தான். அமெரிக்காவுக்கு மேல்படிப்புக்கு வருமுன் ஒன்றரை வருஷம் டெல்லியில் ஒரு எம்.பி. அலுவலகத்தில் கேள்வி எழுதும் வேலை பார்த்தவள் நான். பத்துக் கேள்விகள், பதினைந்து நாள் முன்னதாக அனுப்பினோம். அமைச்சரின் உதவியாளர் பதில்களைத் தயாரித்து, வியாழக்கிழமை எனக்கு மின்னஞ்சலில் ஒரு பிரதி அனுப்பினார்.

எழுதிக் கொடுத்த கேள்விக்கு அதிகாரி எழுதிய பதிலை அமைச்சர் படிப்பார். அதில் ஒன்றும் இருக்காது, இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் அதிகாரிக்குச் சம்பளம். ஆனால் அவையில் அமைச்சர் படித்து முடித்ததும் கேள்வி கேட்டவர் எழுந்து இரண்டு துணைக் கேள்வி கேட்கலாம். அது காகிதத்தில் இருக்காது. அந்த இரண்டு நிமிஷத்தில்தான் அமைச்சருக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்று நாட்டுக்குத் தெரியவரும். அது இல்லாத கேள்வி நேரம் மனப்பாடப் போட்டி.

பத்துக் கேள்விகளில் ஒன்பது செயற்குழுவினர் கேட்டவை. ஏழாவது என்னுடையது. ஜவுளிக் கடைகளில் வேலை செய்யும் பெண்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று நம் ஊரில் சட்டம் வந்திருக்கிறதே, அது எத்தனை கடைகளில் நடக்கிறது, மற்ற மாநிலங்களுக்கும் அதைக் கொண்டுவரும் எண்ணம் அரசுக்கு உண்டா என்பது கேள்வி. ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் பத்தொன்பது வருஷமாக நிற்கிறவள் என் அம்மா சாந்தாமணி. நின்ற காலில்தான் என்னைப் படிக்க வைத்தாள். தாலுகா ஆபீஸில் எனக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்க வந்த அன்று மட்டும் அரை நாள் லீவு போட்டு, அங்கே பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். "ஆபீஸுன்னா இப்படித்தான் இருக்கோணும் கண்ணு, நல்லா உக்கார வெக்கறாங்க" என்றாள். காத்திருக்க வைத்ததில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் அதைச் சலுகையாக எடுத்துக்கொண்டாள்.

"துணைக் கேள்வி கிடையாது" என்றார் அங்கிள். பிறகு, மற்றவர்கள் கேசரிக்குத் திரும்பியதும், குரலைத் தாழ்த்தினார். "திங்கக்கிழமை உன் ஹெச்-1பி விசா ஃபார்ம் லாயருக்குப் போகணும். நான் சைன் பண்ணணும். ஞாபகம் இருக்கோல்லியோ?"

நான் வேலை செய்வது அவருடைய கம்பெனியில்தான். பதினெட்டுப் பேர் இருக்கும் சின்ன மென்பொருள் கம்பெனி. அவர் கெட்டவர் இல்லை. கொரோனா காலத்தில் ஒருத்தரையும் வீட்டுக்கு அனுப்பாதவர். மிரட்டுகிறோம் என்றே அவருக்குத் தெரியாது, அக்கறையாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னார். அதனால்தான் அவரைத் திட்டவும் முடியவில்லை.

இரவு எட்டு மணிக்கு அம்மாவை அழைத்தேன். ஊரில் ஞாயிறு காலை ஆறரை. தலையில் துண்டோடு காமிராவுக்கு முன்னால் வந்தாள்.

"உங்க கடைக்கு ஸ்டூல் வந்துச்சாம்மா?"

"வந்து ரெண்டு வருசமாச்சே. நாலு ஸ்டூலு, நீலக் கலரு, ஜோராத்தான் இருக்குது. குடோன்ல வெச்சிருக்கறாங்க. பிளாஸ்டிக் கவரு இன்னும் பிரிக்கல."

"எப்பத்தான் பிரிப்பாங்க?"

"ஆபீசர் வந்தா வெளிய எடுப்பாங்க. அவரு உக்காந்துட்டுப் போவாரு." சொல்லிவிட்டு அவளே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அதை உடு. உனக்கு அங்க ஆபீஸ்ல சுத்தற சேரு இருக்குதல்ல? அப்புறமென்ன."

டெல்லி அலுவலகத்திலிருந்து மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள், மழைக்காலக் கூட்டத்தொடருக்கு ஆள் வேண்டுமாம் என்றேன். சம்பளம் எவ்வளவு என்று கேட்டாள், சொன்னேன். கொஞ்ச நேரம் துண்டை அவிழ்த்து முடியை உதறினாள். "அங்க உக்காரச் சேரு தருவாங்களா?" என்றாள். தருவார்கள் என்றேன். "அப்பச் செரி" என்றாள். எதற்குச் சரி என்று சொல்லாமலே பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட கஃபெடீரியாவில் முந்நூறு பேர். பட்டுப்புடவை, வேட்டி, ஜீன்ஸ், எல்லாவற்றின் மேலும் சாம்பார் வாசனை. நிகழ்ச்சி நிரலை வாங்கிப் பார்த்தேன். ஏழாம் எண்ணில் என் கேள்வி இல்லை. "ஆஸ்டினிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம்" என்று இருந்தது. கேட்பவர்: சேனாபதி, பொருளாளர்.

அங்கிளைத் தேடிப் பிடித்தேன். மைக்கைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"நேத்து ராத்திரி மாத்தினோம். உன் கேள்வி கொஞ்சம் சென்சிடிவ்வா இருக்குன்னு கமிட்டி ஃபீல் பண்ணித்து."

"பதில் ஏற்கெனவே வந்தாச்சு அங்கிள். அவர் ஃபைல்ல ஏழாம் நம்பருக்கு என் கேள்வியோட பதில் இருக்குது. அவங்க பி.ஏ.கிட்ட சொன்னீங்களா?"

அங்கிள் மைக்கைத் தட்டுவதை நிறுத்தினார். சொல்லவில்லை என்பது முகத்தில் எழுதியிருந்தது. அதற்குள் வாசலில் மேளம் கேட்டது. மேளம் என்றால் ப்ளூடூத் ஸ்பீக்கர். அமைச்சர் உள்ளே வந்துவிட்டார்.

மனுஷர் பார்க்கக் குஷியாக இருந்தார். கல்யாணச் சாப்பாடு முகத்தில் தெரிந்தது. முதல் ஆறு கேள்விகளும் ஆற்றொழுக்காகப் போயின. வேலைவாய்ப்புக்கு ஒரு பதில், விலைவாசிக்கு ஒரு பதில், முதியோர் நலனுக்கு ஒரு பதில். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். பிறகு சேனாபதி எழுந்தார். வருஷத்துக்கு மூன்று தடவை கோயம்புத்தூர் போகிறவர், தோஹா விமான நிலையத்தில் அவர் தூங்காத பெஞ்சு இல்லை. கேள்வியை உருக்கமாகப் படித்தார்: (அ) நேரடி விமானம் விடும் உத்தேசம் உண்டா, (ஆ) ஆம் எனில் எப்போது, (இ) இல்லையெனில் காரணம் என்ன?

அமைச்சர் கோப்பில் ஒரு தாளைப் புரட்டிப் படித்தார்.

"(அ) முதல் (இ) வரை. இப்பொருள் குறித்து உரிய விதிகள் ஏற்கெனவே நடைமுறையில் உள்ளன. அவற்றைச் செயல்படுத்துவது மாநில அரசுகளின் பொறுப்பாகும். இது தொடர்பான புள்ளிவிவரங்கள் மத்திய அளவில் பராமரிக்கப்படுவதில்லை. எனினும், நீண்ட நேரம் பணிபுரியும் பெண்களின் நலனில் அரசு உறுதியாக உள்ளது."

கஃபெடீரியா அதிரக் கைதட்டல். அன்றைக்கே அதுதான் பெரிய கைதட்டல். சேனாபதி நெகிழ்ந்துபோய் உட்கார்ந்து பக்கத்திலிருந்தவரிடம், "ஏர் ஹோஸ்டஸைப் பத்திக்கூட யோசிச்சிருக்கறாருங்க" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். சத்தமாக. கேள்விகளை ஒருங்கிணைப்பவள் என்பதால் மேடைக்குக் கீழே மைக் பக்கத்தில்தான் நின்றிருந்தேன், சிரிப்பு ஸ்பீக்கரில் போனது. முந்நூறு தலைகள் திரும்பின. அதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது?

"ஐயா, நீங்க படிச்சது அவரு கேள்விக்குப் பதில் இல்லைங்க. என் கேள்விக்குப் பதில். ஜவுளிக் கடையில நிக்கற பொண்ணுங்களுக்கு உக்கார இடம் குடுக்கற சட்டத்தைப் பத்தி நான் கேட்டிருந்தேன். கேள்வியை மாத்திட்டாங்க, பதில் மாறலை. யாருக்கும் வித்தியாசம் தெரியலைங்க."

பின்வரிசையில் யாரோ முதலில் சிரித்தார்கள், பிறகு அது பரவியது. அமைச்சர் தாளைத் திருப்பிப் பார்த்தார். உதவியாளர் குனிந்து ஏதோ காதில் சொன்னார். அங்கிள் எழுந்து, "சார், டைம் ஆயிடுத்து, லஞ்ச்…" என்று ஆரம்பித்தார்.

"இருங்க, இருங்க" என்று கையமர்த்தினார் அமைச்சர். அவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பார்லிமென்ட்ல வாங்காத அடியா? கேளும்மா."

"துணைக் கேள்விங்க. நீங்க கடைசியாத் துணி எடுக்கப் போனப்ப, எடுத்துப் போட்ட பொண்ணு உக்காந்திருந்துச்சா, நின்னுட்டிருந்துச்சா? இதுக்குப் புள்ளிவிவரம் வேண்டாங்க. உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்."

"எங்க வீட்ல துணியெல்லாம் அவங்கதாம்மா எடுப்பாங்க" என்று அமைச்சர் முன்வரிசையில் இருந்த மனைவியைக் காட்டினார். பெரிய சிரிப்பு. அவர் தப்பித்துவிட்டார், அதுவும் அழகாகத் தப்பித்துவிட்டார். டெல்லியில் பார்த்த ஆட்களை விடத் தேவலை.

எனக்கு இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. தயாரித்து வைத்திருந்த இரண்டாவது கேள்வி சட்டத்தைப் பற்றியது, அதை விட்டுவிட்டேன்.

"ரெண்டாவதுங்க. காலைல ஏழு மணியிலிருந்து இந்த ஹால்ல நின்னுட்டே இருக்கறவங்க எத்தனை பேருன்னு நீங்களே எண்ணிச் சொல்லணும்."

அமைச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தலையைத் தூக்கினார். நாங்கள் எல்லாரும் அவர் பார்த்த பக்கம் பார்த்தோம். சுவரோரம் நீள மேஜை, அலுமினிய ட்ரேக்கள், அவற்றுக்குப் பின்னால் ஏப்ரன் கட்டிக்கொண்டு கரண்டியோடு வரிசையாக நின்றார்கள் பெண்கள். நடுவில் ஷ்யாமளா ஆன்ட்டி. அமைச்சர் விரலை நீட்டி எண்ணினார். உதடு அசைந்தது.

"பதினொண்ணு" என்றார்.

அதுவரை அவர் சொன்ன ஒரே எண் அது. எனக்குத் தெரிந்து எந்த அமைச்சரும் இவ்வளவு சீக்கிரமாகத் தகவல் திரட்டியதில்லை.

பிறகு நடந்ததை நான் திட்டமிடவில்லை. ஷ்யாமளா ஆன்ட்டி கரண்டியைச் சாம்பாரிலேயே விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த இரும்பு நாற்காலியைத் தரையில் கரகரவென்று இழுத்துப் போட்டு, "அப்பாடா" என்று உட்கார்ந்தார். முட்டியை இரண்டு கையாலும் பிடித்துவிட்டுக்கொண்டார். அடுத்து அவர் பக்கத்தில் இருந்த வள்ளி அக்கா. அடுத்து இன்னொருத்தி. நாற்காலிச் சத்தம் வரிசையாகப் போனது. பதினோராவது நாற்காலியும் நிரம்பியது. முந்நூறு பேருக்குப் பசி. பரிமாற ஆள் இல்லை.

"ஏன்னா" என்று ஷ்யாமளா ஆன்ட்டி உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார், "முதல்ல பொரியல், அப்புறம் சாதம். மாத்திப் போட்டுடாதீங்கோ."

அங்கிள் மேடையிலிருந்து இறங்கினார். சேனாபதி ஏப்ரனைத் தலைகீழாகக் கட்டிக்கொண்டார். அமைச்சர் தட்டை ஏந்தி வரிசையில் முதலாவதாக வந்து நின்று, "எனக்கு அப்பளம் ரெண்டு" என்றார்.

கூட்டம் சாப்பிட உட்கார்ந்த பிறகு அங்கிள் என்னிடம் வந்தார். சட்டையில் ரசம். கோபம் இருந்தது, ஆனால் ரசம் வடியும் சட்டையோடு கோபப்படுவது அவருக்கே சிரமமாக இருந்தது.

"நாளைக்கு சைன் பண்ணிடறேன்மா. நான் அப்படிப்பட்டவன் இல்லை. ஆனா அமைச்சருக்கு நீ ஒரு சாரி லெட்டர் எழுதிடு. ரெண்டே வரி. கமிட்டியும் வாயை மூடிண்டுடும்."

"சைன் பண்ண வேண்டாங்க அங்கிள்."

"விளையாடாதே. சாரி சொன்னா என்ன கொறஞ்சா போயிடுவே?"

"கோவத்துல சொல்லலைங்க. நேத்து ராத்திரி அம்மாகிட்டப் பேசினப்பவே முடிவு பண்ணியாச்சு. உங்ககிட்ட நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். ஜூலையில டெல்லியில கூட்டத்தொடர். கேள்வி எழுத ஆள் வேணுமாம்."

அவர் என்னைப் பார்த்தார். கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார். "அங்கே போயும் இப்படித்தான் வாயாடுவியா?"

"அங்க அதுக்குத்தான் சம்பளங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை மறைக்க, "யாரங்கே, தயிர் சாதம்!" என்று கத்திக்கொண்டே போனார். ஷ்யாமளா ஆன்ட்டி நாற்காலியிலிருந்து எழாமலே கையை நீட்டி என் கன்னத்தைத் தட்டி, "சாப்பிட்டுப் போடி" என்றார். பசியில்லை என்றேன். உண்மையில் இல்லை.

வெளியே மார்ச் வெயில். கார் நிறுத்துமிடத்தில் முந்நூறு பேரின் வண்டிகள் மினுங்கின, அவற்றில் என்னுடையது எதுவும் இல்லை. என் அறை அங்கிருந்து இரண்டு மைல். டெக்சஸில் யாரும் இரண்டு மைல் நடக்க மாட்டார்கள். நான் நடந்தேன். பள்ளிக்கூட வேலி தாண்டிய இடத்தில் நடைபாதை சொல்லாமல் கொள்ளாமல் முடிந்துபோயிருந்தது, அதற்கப்பால் முழங்கால் உயரப் புல், புல் முழுக்க நீலப் பூ. ஒரு லாரி போன காற்றில் அத்தனையும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தன. பின்னாலிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள், லிஃப்ட் தருகிறார்களோ, திட்டுகிறார்களோ. திரும்பிப் பார்க்காமல் கையை ஆட்டிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு புல்லுக்குள் இறங்கினேன்.